கறுப்பு ஏன் கறுப்பாகத் தெரியவில்லை? கோப்லேன் சாயப்பட்டறைப் புகார்: ஒரு நிகழ்வு ஆய்வு

பாரீஸ் நகரின் கோப்லேன் நெசவுக்கூடத்தில் 1820-களில் சாயப்பட்டறை மீது புகார்கள் வந்துகொண்டிருந்தன. அரண்மனைச் சுவர்களில் தொங்கவிடும் சித்திரத் திரைச்சீலைகளை நெய்யும் இடம் அது. நீல அங்கியும் ஊதா அங்கியும் மடிந்து விழும் இடங்களில் நிழலுக்காகக் கறுப்புக் கம்பளி நூல் சேர்ப்பார்கள். அந்தக் கறுப்பு ஆழமாக விழவில்லை, வலுவில்லாமல் வெளிறிக் கிடக்கிறது, ஆகவே கறுப்புச் சாயம் தரமற்றது என்றது ஒரு புகார்.

அந்தப் புகாரை விசாரித்தவர் கண்டுபிடித்தது, ஓவியம் கற்கும் எவரும் வண்ணத்தைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. நம் ஓவிய வகுப்புகளில் வண்ணப் பாடம் பெரும்பாலும் வண்ணச் சக்கரத்தில் தொடங்குகிறது. சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் முதன்மை நிறங்கள். இரண்டிரண்டாகக் கலந்தால் ஆரஞ்சு, பச்சை, ஊதா. சக்கரத்தில் எதிரெதிரே இருப்பவை நிரப்பு நிறங்கள். பிள்ளைகள் பன்னிரண்டு கட்டங்களையும் அழகாகத் தீட்டி மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். பிறகு ஒரு குடத்தையோ திரைச்சீலையையோ வரைய உட்காரும்போது அந்தச் சக்கரம் கைகொடுப்பதில்லை. சக்கரத்தை முதல் பாடமாக வைப்பது தவறு என்றே நான் நினைக்கிறேன். முதலில் ஒரு சிக்கல் வர வேண்டும். கோப்லேன் புகார் அப்படியொரு சிக்கல்.

இடமும் ஆளும்

கோப்லேன் என்பது ஒரு சாயக்காரக் குடும்பத்தின் பெயர். பியேவ்ர் என்ற சிற்றாற்றின் கரையில் பதினைந்தாம் நூற்றாண்டிலேயே அவர்கள் சாயத்தொழில் நடத்தினார்கள். 1662-இல் பதினான்காம் லூயி மன்னரின் அமைச்சர் கோல்பேர் அந்த இடத்தை அரசுக்காக வாங்கி, பெரும் நெசவுக்கூடமாக ஆக்கினார். அங்கே நெசவாளர் செங்குத்தாக நிற்கும் தறியின் பின்பக்கம் உட்கார்ந்து நெய்வார். திரையின் முகப்பு எப்படி வந்திருக்கிறது என்பதை எதிரே வைத்த கண்ணாடியில் பார்த்துக்கொள்வார். ஓவியர் தூரிகையின் ஓர் இழுப்பில் போட்டுவிடும் நிழலை, இவர் நூல் நூலாகக் கோத்துக் கட்ட வேண்டும். கையில் இருக்கும் சிட்டத்தின் நிறத்தை ஓவியர்போல் தட்டில் கலந்து சரிசெய்துகொள்ளவும் முடியாது. சாயப்பட்டறை எதைக் கொடுக்கிறதோ அதுதான். அதனால் நிறம் பிசகினால் கோபம் நேரே சாயத்தொட்டியின் மீது பாய்ந்தது இயல்பு.

1824-இல் சாயப்பிரிவின் இயக்குநராக மிஷெல் யூஜென் ஷெவ்ரல் பொறுப்பேற்றார். 1786-இல் பிறந்தவர், அப்போது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஓவியர் இல்லை, வேதியியலாளர். விலங்குக் கொழுப்பு எந்தெந்த அமிலங்களால் ஆனது என்று பல ஆண்டுகள் ஆராய்ந்து 1823-இல் நூல் வெளியிட்டவர். சோப்பும் மெழுகுவத்தியும் செய்யும் தொழில்கள் அந்த ஆராய்ச்சிக்கு மிகவும் கடன்பட்டவை. புகார் வந்தால் பொருளைச் சோதனைக்கு எடுக்கும் பழக்கம் கையோடு வந்த மனிதர்.

புகாரை இரண்டாகப் பிரித்தார்

ஷெவ்ரல் எல்லாப் புகார்களையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஒதுக்கவுமில்லை, ஏற்கவுமில்லை. இந்த வழக்கில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். வெளிர்நீலம், ஊதா, சாம்பல், பழுப்பு ஆகிய சாயங்கள் நிற்பதில்லை, சீக்கிரம் மங்கிவிடுகின்றன என்றும் ஒரு குறை இருந்தது. அதை ஆராய்ந்து, குறை உண்மைதான் என்றார். அது வேதியியலில் தீர்க்க வேண்டிய சிக்கல்.

கறுப்பை அவர் வேறு விதமாகக் கையாண்டார். பிரான்சிலும் வெளிநாடுகளிலும் பெயர்பெற்ற பட்டறைகள் சாயமேற்றிய கறுப்புக் கம்பளி நூலை வரவழைத்துத் தங்கள் நூலோடு ஒப்பிட்டார். எதுவும் கோப்லேன் கறுப்பைவிட உயர்ந்ததாக இல்லை. நூல் நல்ல நூல், சாயம் நல்ல சாயம், ஆனாலும் திரையில் ஏறியதும் கறுப்பு சோர்ந்துவிடுகிறது. அப்படியானால் மாறியது கறுப்பு இல்லை, அதன் அண்டையில் இருக்கும் நிறம்தான் அதை மாற்றிக் காட்டுகிறது என்ற முடிவுக்கு வந்தார்.

1828-இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் இதைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். 1839-இல் 700 பக்கங்களுக்கு மேற்பட்ட நூலாக அது வெளிவந்தது. அதில் அவர் விளக்கிய விதியை உடன்நிகழ் வேறுபாடு (simultaneous contrast) என்று தமிழில் சொல்லலாம். அதன் சாரம் இதுதான்: இரண்டு நிறங்களை அருகருகே வைத்து ஒரே நேரத்தில் பார்க்கும்போது, கண் அவற்றை எவ்வளவு வேறுபடுத்திக் காட்ட முடியுமோ அவ்வளவு வேறுபடுத்திக் காட்டும். வெளிர் நிறம் இன்னும் வெளிறும், அடர் நிறம் இன்னும் அடரும். ஒவ்வொன்றும் தன் அண்டை நிறத்தின் நிரப்பு நிறத்தைக் கொஞ்சம் பூசிக்கொள்ளும்.

இதைக் கறுப்புக்குப் பொருத்திப் பாருங்கள். மஞ்சளுக்கோ வெள்ளைக்கோ பக்கத்தில் வைத்த கறுப்பு கிணறுபோல் ஆழ்ந்துபோகும், ஏனென்றால் பக்கத்தில் இருப்பது வெளிச்சமான நிறம். நீலமும் ஊதாவும் தாமே இருண்ட நிறங்கள். அவற்றின் அருகில் கறுப்புக்கு அடர்வில் கிடைக்கும் லாபம் மிகக் குறைவு. அதற்கு மேல் இன்னொரு நட்டமும் உண்டு. நீலத்தின் நிரப்பு ஆரஞ்சு, ஊதாவின் நிரப்பு பச்சை கலந்த மஞ்சள். இரண்டும் ஒளிமிக்க நிறங்கள். அந்த ஒளியின் மெல்லிய சாயல் கறுப்பின் மேல் படிந்ததாகக் கண் காண்கிறது. இரு பக்கமும் அடி வாங்கிய கறுப்பு வெளிறித் தெரிகிறது. நெசவாளர்கள் கண்டது மெய். காரணத்தைத்தான் தவறான இடத்தில் தேடினார்கள்.

மூன்று துணிகள்

இதே தகராறு துணி வியாபாரிகளிடமும் நடந்திருப்பதை ஷெவ்ரல் எழுதியிருக்கிறார். சிவப்பு, ஊதா, நீலத் துணிகளில் கறுப்புப் பூவேலை அச்சடித்துத் தரச் சொல்லி அச்சுப்பட்டறைக்குக் கொடுத்தார்கள். திரும்பி வந்த துணியைப் பார்த்தால் சிவப்பின் மேல் பூ பச்சையாகத் தெரிந்தது. ஊதாவின் மேல் பச்சை மஞ்சளாக. நீலத்தின் மேல் செம்பு நிறத்தில். கறுப்புக் கேட்டோம், ஏமாற்றிவிட்டார்கள் என்று வியாபாரிகளுக்கு வருத்தம். ஷெவ்ரல் பூவேலை மட்டும் தெரியும்படி காகிதத்தை வெட்டி, துணியின் அடிநிறம் முழுவதும் மறையும்படி துணிமேல் வைத்துக் காட்டினார். மூன்றிலும் ஒரே கறுப்புதான் இருந்தது.

இந்தக் காகிதம் ஓவியர்கள் என்றும் கைவசம் வைத்திருக்க வேண்டிய கருவி. ஓர் அட்டையில் விரல்நகம் அளவுக்கு ஒரு துளை போதும். படத்தில் எந்த நிறம் சந்தேகமாக இருக்கிறதோ அதன் மேல் அந்தத் துளையை வைத்தால் அண்டை அயல் மறைந்து நிறம் தனியே நிற்கும்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொன்று ஜவுளிக்கடைக்காரர்களுக்கு அவர் எழுதிய அறிவுரை. பதினான்கு சிவப்புத் துணிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினால், எல்லாம் ஒரே துணியாக இருந்தாலும், கடைசி ஆறேழு துணிகள் முதலில் பார்த்தவற்றைவிட மங்கலானவை என்று வாங்குபவர் நினைப்பார். சிவப்பையே பார்த்துப் பார்த்துக் கண் பச்சையை நாடத் தொடங்கியிருக்கும். அந்தப் பச்சைச் சாயல் அடுத்த சிவப்பின் மேல் படியும். நடுவே ஒரு பச்சைத் துணியை விரித்துக் காட்டினால் கண் மீண்டும் சிவப்புக்குத் தயாராகிவிடும். சேலைக்கடையில் பாயில் உட்கார்ந்து பத்து அரக்குச் சேலைகளைப் புரட்டிய பிறகு எதுவும் பிடிக்காமல் போன அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. மணிக்கணக்கில் ஒரே படத்தின் முன் உட்கார்ந்திருக்கும் ஓவியருக்கும் இதேதான் நேர்கிறது. எழுந்து போய் வெளியே மரத்தைப் பார்த்துவிட்டு வருவது சோம்பல் இல்லை, வேலையின் ஒரு பகுதி.

மேசையில் செய்து பார்க்க

படிப்பதைவிடச் செய்து பார்ப்பதில்தான் இது மனத்தில் தங்கும். கறுப்பும் வெள்ளையும் கலந்து நடுத்தரச் சாம்பல் ஒன்றைத் தயாரித்து, ஒரு தாள் முழுக்கத் தீட்டிக் காயவைத்து, அஞ்சல்தலை அளவில் சதுரங்களாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒன்றைப் பளிச்சென்ற சிவப்புத் தாளின் நடுவிலும், ஒன்றைப் பச்சையிலும், ஒன்றை மஞ்சளிலும், ஒன்றை நீலத்திலும் வையுங்கள். சிவப்பில் இருப்பது பச்சைச் சாம்பலாகும், பச்சையில் இருப்பது ரோஜாச் சாயல் பெறும். மஞ்சளில் கிடப்பது நீலத்தின் பக்கம் சாயும், நீலத்தில் கிடப்பது மஞ்சள் கலந்த பழுப்பின் பக்கம். மேலே ஒரு மெல்லிய டிரேசிங் தாளைப் போர்த்தினால் இந்த மாற்றம் இன்னும் நன்றாகத் தெரிகிறது, ஏனென்றால் ஓரக்கோடு மங்கிவிடுகிறது. ஒரே தாளிலிருந்து வெட்டிய சதுரங்கள் என்று கைக்குத் தெரியும், கண் ஒப்புக்கொள்ளாது.

இரண்டாவது, வண்ணமே தேவையில்லாத சோதனை. வெளிர்சாம்பலில் தொடங்கி அடர்சாம்பல்வரை ஆறு பட்டைகளை இடைவெளி இல்லாமல் அடுத்தடுத்துத் தீட்டுங்கள். ஒவ்வொரு பட்டைக்குள்ளும் ஒரே அடர்வுதான். ஆனால் பார்த்தால், ஒவ்வொரு பட்டையும் தன்னைவிட அடர்ந்த பட்டையைத் தொடும் விளிம்பில் வெளுத்தும், வெளிர்ப்பட்டையைத் தொடும் விளிம்பில் கறுத்தும், பள்ளம் பள்ளமாகக் குடைந்த கல்தூணைப்போல் தெரியும். இன்றும் இது ஷெவ்ரல் பெயராலேயே வழங்குகிறது. நிறம், டோன் (அதாவது வெளிர்வும் அடர்வும்), பளிச்சுத்தன்மை என்று வண்ணத்துக்கு மூன்று குணங்கள் சொல்வோம். அவற்றில் ஓவியத்தைத் தாங்கிப் பிடிப்பது டோன்தான் என்பதை இந்த ஆறு பட்டைகள் காட்டுகின்றன.

பார்த்தபடி தீட்டினால் தவறாகும்

இங்கேதான் ஷெவ்ரல் ஓவியர்களுக்குச் சங்கடமான ஒன்றைச் சொல்கிறார். ஒரு சிவப்புத் துணியும் நீலத் துணியும் அடுத்தடுத்துத் தொங்குகின்றன. இரண்டும் தொடும் இடத்தில் சிவப்பு கொஞ்சம் ஆரஞ்சாகவும், நீலம் கொஞ்சம் பச்சையாகவும் கண்ணுக்குத் தெரிகிறது. கவனமான மாணவர் அதைக் கண்டுபிடித்து, சிவப்பின் ஓரத்தில் ஆரஞ்சையும் நீலத்தின் ஓரத்தில் பச்சையையும் சேர்க்கிறார். இப்போது படத்தில் இருக்கும் வண்ணங்களும் தங்களுக்குள் அதே வேலையைச் செய்யும். கண் சேர்த்தது ஒரு பங்கு, மாணவர் சேர்த்தது இன்னொரு பங்கு. மாதிரியை உண்மையாகப் பிரதி எடுக்க வேண்டுமானால், தெரிகிறபடி எடுக்கக் கூடாது என்கிறார் ஷெவ்ரல். தட்டையான சிவப்பைத் தட்டையாகவே பூசிவிடு, மீதியைப் பார்ப்பவரின் கண் செய்துகொள்ளும் என்பது இதன் பொருள்.

நெசவாளருக்கு இது மிகச் சரியான அறிவுரை. ஓவியருக்கு முழுவதும் சரி என்று எனக்குத் தோன்றவில்லை. ஓவியர் பிரதி எடுப்பவர் மட்டும் இல்லை. எதை மிகைப்படுத்த வேண்டும் என்று தேர்ந்தெடுப்பவரும் அவர்தான். பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் சூரா 1884-இல் முடித்த, அஸ்னியேர் ஆற்றங்கரையில் குளிப்பவர்களைக் காட்டும் பெரிய ஓவியம் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. அதில் உட்கார்ந்திருக்கும் உருவங்களின் வெயில் பட்ட பக்கத்தை ஒட்டிய நீர் சற்று இருண்டிருக்கும். நிழல் பட்ட பக்கத்தை ஒட்டிய நீர் வெளுத்திருக்கும். ஷெவ்ரல் செய்யாதே என்றதை வேண்டுமென்றே செய்து, உருவத்தைப் பின்னணியிலிருந்து பெயர்த்து எடுத்து நிறுத்துகிறார் சூரா. விதியைத் தெரிந்தவர் கையில் மிகை ஒரு கருவியாகிறது. தெரியாமல் செய்தால் படம் முழுக்க ஓரங்கள் அலறும்.

பட்டையும் புள்ளியும்

வண்ணக் கோட்பாடு படிப்பவர்கள் பெரிதும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. சிவப்பையும் பச்சையையும் அருகருகே வைத்தால் இரண்டும் சுடர்விடும் என்று படித்திருப்பார்கள். ஆனால் அவற்றை நுணுக்கமாக இழைத்துப் பார்த்தால் அழுக்குச் சாம்பல்தான் கிடைக்கும். எது உண்மை? இரண்டும் உண்மை, வேறுபாடு அளவில் இருக்கிறது. தனித்தனியாகப் பிரித்துக் காண முடிகிற அளவுக்குப் பரப்பு பெரிதாக இருக்கும்வரை நிறங்கள் ஒன்றையொன்று தள்ளும். கண்ணால் பிரிக்க முடியாத அளவுக்குச் சிறுத்தால் ஒன்றோடொன்று கலந்துவிடும். நூலோடு பழகிய ஷெவ்ரல் இதை நன்றாக அறிந்திருந்தார். நிரப்பு நிற நூல்களை நெருக்கமாகச் சேர்த்து நெய்தால் நிறம் செத்துப்போகும் என்று எச்சரித்தார். நம் பட்டில் பாவுக்கு ஒரு நிறமும் ஊடைக்கு இன்னொரு நிறமும் கொடுத்து மயில்கழுத்து வாங்கும் நெசவாளர், சக்கரத்தில் பக்கத்துப் பக்கத்து நிறங்களைத் தேர்ந்தெடுப்பதைக் கவனியுங்கள். அதனால்தான் அந்தத் துணி சோராமல் மினுங்குகிறது.

சூராவின் அடுத்த பெரிய படம், 1884 முதல் 1886 வரை தீட்டிய கிராந்த் ஜாத் தீவின் ஞாயிற்றுக்கிழமைக் காட்சி, இன்று சிகாகோ கலைக் கழகத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 2 மீட்டர் உயரம், 3 மீட்டர் அகலம். பச்சைப் புல்வெளிக்குள் மஞ்சள், ஆரஞ்சு, நீலப் புள்ளிகள் தூவப்பட்டிருக்கின்றன. புள்ளிகள் கண்ணில் கலக்குமா, ஒன்றையொன்று தள்ளுமா என்பது பார்ப்பவர் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. இரண்டுக்கும் நடுவிலான தூரத்தில்தான் அந்தப் படம் அதிர்வதாக நான் உணர்கிறேன். இதை அச்சுப்படத்தில் காண முடியாது.

கோப்லேன் புகாரின் மறுபாதியும் இதே படத்தில் திரும்ப வந்தது. சூரா பயன்படுத்திய துத்தநாக மஞ்சள் நிலைக்கவில்லை. சில ஆண்டுகளிலேயே மஞ்சள் புள்ளிகள் காவிப்பழுப்பாகத் திரும்பின, அதைக் கலந்த பச்சைகள் மங்கின. 1892-லேயே இது கவனிக்கப்பட்டுவிட்டது. இங்கே குற்றம் அண்டையில் இல்லை, நேரே வண்ணத்தில்தான். ட்யூபின் மேல் அச்சிட்டிருக்கும் ஒளிநிலைப்புக் குறியீட்டைப் படிக்காமல் மஞ்சளும் ரோஸும் வாங்குகிற மாணவர்களுக்கு இதை நான் தவறாமல் சொல்கிறேன்.

எங்கே திருத்திக்கொள்ள வேண்டும்

ஷெவ்ரல் வண்ணங்களை 72 பிரிவுகள் கொண்ட வட்டமாக அடுக்கினார். அடித்தளம் சிவப்பு, மஞ்சள், நீலம். வண்ணக் குழம்பைக் கலப்பதற்கு அது நடைமுறையில் உதவும். ஆனால் ஒளிக்கலப்பும் வண்ணக்குழம்புக் கலப்பும் வேறு வேறு என்பதை 1852-இல் ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். மஞ்சள் வண்ணமும் நீல வண்ணமும் குழைந்தால் பச்சை. மஞ்சள் ஒளியும் நீல ஒளியும் சேர்ந்தால் வெள்ளையை நெருங்கும். கண்ணுக்குள் உருவாகும் எதிர்நிறமும் பள்ளிச் சக்கரத்தோடு அப்படியே பொருந்தாது. சிவப்புத் தாளை அரை நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு வெள்ளைச் சுவரைப் பாருங்கள்: தெரிவது இலைப்பச்சை இல்லை, நீலம் கலந்த பச்சை. நீலத்துக்குப் பின் தெரிவதும் ஆரஞ்சைவிட மஞ்சளுக்கே நெருக்கம். எனவே நிரப்பு நிறத்தைச் சக்கரத்தில் தேடுவதைவிட இப்படிக் கண்ணிடமே கேட்டுக்கொள்வது நம்பகமானது.

ஏன் இப்படி நடக்கிறது என்பதன் ஒரு பகுதி இருபதாம் நூற்றாண்டில்தான் துலங்கியது. லாட நண்டின் கண்ணை ஆராய்ந்த ஹார்ட்லைன், ஒளிபட்ட ஓர் உணரி தன் பக்கத்து உணரிகளை அடக்கி வைப்பதைக் கண்டார். பார்வை ஆய்வுகளுக்காக 1967-இல் நோபல் பரிசு பகிர்ந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர். கண் நிறங்களைத் தனித்தனியே அளந்து சொல்லும் கருவி இல்லை. பக்கத்துக்குப் பக்கம் உள்ள வேறுபாட்டைப் பெரிதாக்கிக் காட்டும் உறுப்பு.

ஷெவ்ரல் 1889 ஏப்ரல் 9 அன்று 102-ஆம் வயதில் இறந்தார். ஈஃபில் கோபுரத்தில் பொறித்த 72 அறிவியலாளர், பொறியாளர் பெயர்களில் அவர் பெயரும் இருக்கிறது.

என் வகுப்பில்

சில மாதங்களுக்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவி கத்தரிப்பூ நிறத் திரைச்சீலை ஒன்றைப் போஸ்டர் கலரில் தீட்டிக்கொண்டிருந்தாள். மூன்று ஆழமான மடிப்புகள். "சார், இந்தக் கறுப்பு பழுப்படிக்கிறது, வேறு கறுப்பு வாங்கித்தான் ஆக வேண்டும்" என்றாள். அதற்குள் அதே இடத்தில் மூன்று பூச்சு போட்டிருந்தாள். வண்ணம் தடித்து வெடிக்கத் தொடங்கியிருந்தது. அட்டையில் இரண்டு துளை போட்டு, ஒன்றை மடிப்பின் மேலும் இன்னொன்றின் அடியில் வெள்ளைத்தாளில் புதிதாகப் பூசிய அதே கறுப்பையும் வைத்தேன். வெகுநேரம் பார்த்துவிட்டு அட்டையை எடுத்தாள், மறுபடி வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

முதல் மடிப்பில், கறுப்போடு பிரஷ் நுனியளவு அல்ட்ராமரின் நீலத்தைக் கலந்து ஒரே ஒரு மெல்லிய பூச்சு கொடுக்கச் சொன்னேன். அண்டையிலிருந்து வரும் மஞ்சள் சாயலை அந்த நீலம் அடித்துவிட்டது, பழுப்பு போய்விட்டது. இரண்டாவது மடிப்பில் கறுப்பைத் தொடவே விடவில்லை. அதை ஒட்டி மேலெழும் துணியின் முகட்டில் ஊதாவோடு வெள்ளை சேர்த்து ஒரு வெளிர்பட்டை இழுத்தாள். பட்டை காயக் காயக் கறுப்பு உள்ளே இறங்கியது. மூன்றாவது மடிப்பையும் சரிசெய்துவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம், ஒப்பிட்டுப் பார்க்க அது அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு பிரஷைக் கழுவப் போனாள்.